அபயதானமும் ஏரிப் பறவைகளும்

இல்லறத்தார் செய்யத்தக்க தானங்களை ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்காக வகுத்துக் கூறுவது நம் மரபு. இவற்றுள் உணவளித்தலும், மருந்தளித்தலும், நூல் வழங்குதலும் யாவரும் எளிதில் உணர்ந்து செய்துவருவன. அபயதானம் ஒன்றின் பொருள்தான் நாளடைவில் சுருங்கிவிட்டது. வெட்டுக்குச் செல்லும் ஆட்டை விலைகொடுத்து மீட்டல், கூண்டுக் கிளியைத் திறந்துவிடல் என்னும் அளவோடு அதனை நிறுத்திக்கொண்டோம். உயிர்களின் அச்சத்தை நீக்குதலே அபயம் என்றால், அவ்வுயிர்கள் அச்சமின்றி நிற்பதற்கு ஓர் இடமும் வேண்டுமன்றோ? அந்த இடம் நம்முடைய நிலமாகவும் நம்முடைய ஏரியாகவும் இருக்குமாயின் நம் கடமை யாது? ஆண்டுதோறும் நெடுந்தொலைவிலிருந்து நம் நாட்டு நீர்நிலைகளை நாடிவரும் பறவைகளை முன்னிட்டு இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்குத் தொரப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஓசூரை அடுத்த இச்சிற்றூர், 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர் என்பதால் பலரும் அறிந்தது. அவர் பிறந்த இல்லம் இன்றும் நினைவிடமாகப் போற்றப்படுகிறது. ஊர்ப்பெயர் ‘பள்ளி’ என முடிவது கண்டு இதனைப் பழைய சமணப் பள்ளி என நாம் உரிமை கொண்டாட வேண்டுவதில்லை. கன்னட நாட்டை ஒட்டிய இவ்வட்டாரத்தில் பள்ளி என்பது ஊர் என்றே பொருள்படும். ஆயினும் தமிழில் பள்ளி என்னும் சொல்லுக்கு இளைப்பாறும் இடம் என்பதும் ஒரு பொருள். அப்பொருளை மனத்திற்கொள்வது பின்னர்ப் பயன்படும்.

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு பெங்களூரின் கிழக்குப் புறத்தைக் கடந்து, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, தொரப்பள்ளிப் பக்கமாகக் கிருஷ்ணகிரி நோக்கிச் செல்கிறது. மேட்டு நிலங்களில் கேழ்வரகும் காய்கறிகளும் ரோஜாவும், ஏரிகளின் கீழ் நெல்லுமாக இருந்த வட்டாரம் இது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இதன் முகம் மாறத் தொடங்கியது. ஓசூர் 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. வரத்துக்கால் அடைபட்ட ஏரி, மனைப்பிரிவாகக் கல் நட்ட வயல், விலை ஏறட்டும் எனத் தரிசாகக் கிடக்கும் நஞ்சை ஆகியவை இன்று இப்பக்கத்தில் புதுமையல்ல. ஆற்றின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. பெங்களூரின் கழிவுநீர் கலந்துவருவதால், அண்மை ஆண்டுகளில் மழைநீர் பெருகி அணை திறக்கப்படும் போதெல்லாம் வெண்ணுரை மலைபோற் பொங்கித் தரைப்பாலங்களையே மூடிவிடுகிறது.

நம் குடும்பங்களுள் பலவும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் முதலிய ஊர்ப்பக்கங்களில் ஏரிப் பாசனத்தை நம்பி உழுதுண்டு வாழ்ந்தவை. அவற்றுட் சில இன்று இத்தகைய தொழில்நகரங்களில் வீடு கட்டிக் குடியேறியுள்ளன. ஆதலின் விற்பவர் பக்கத்திலும் நாம் இருக்கிறோம்; வாங்குபவர் பக்கத்திலும் நாம் இருக்கிறோம். இது அயலார் செய்யும் தவறு என்று கூறி நாம் விலகிவிட இயலாது.

இனிப் பறவைகளை நோக்குவோம். வட ஆசியாவின் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் நீர்ப்பறவைகள் செல்லும் வழியை மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று அறிஞர் குறிப்பிடுவர். ஏறத்தாழ முப்பது நாடுகளின் வழியே அப்பாதை செல்கிறது. ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான், வாலாட்டி முதலியன இவ்வாறு வருபவை. மங்கோலியா போன்ற நாடுகளிலிருந்து இமயத்தையே கடந்து வரும் வரித்தலை வாத்துகளைத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் காணலாம்.

இப்பறவைகளுக்கு வேண்டியது மிகுதியான நீர் அன்று. ஆழங்குறைந்த நீரே ஆகும். உள்ளான் வகைகள் இரண்டு மூன்று விரற்கிடை ஆழத்திலும் ஈரச் சேற்றிலும் இரை தேடும். வாத்து வகைகளுட் பலவற்றுக்குச் சாண் ஆழம் போதும். ஏரியின் ஓரம், அறுவடை முடிந்து ஈரம் காயாத வயல், கோரை முளைத்த மடைவாய் என நாம் பயனற்றவையாகக் கருதும் இடங்களே அவற்றின் உணவுக்கூடங்கள். இதனால் ஓர் உண்மை விளங்கும். ஏரியைத் தூர்ப்பதால் மட்டுமன்றி, கரையோரம் முதல் ஒரே சீராக ஆழப்படுத்துவதாலும், தாளடியை எரிப்பதாலும், ஈரத்தை ஒரு சொட்டும் விடாது வடிப்பதாலும் அவற்றின் இடம் பறிபோகிறது. நெடுவழி பறந்து உடலின் கொழுப்பெல்லாம் கரைந்து வரும் பறவைக்கு, சென்ற ஆண்டு இறங்கிய நீர் இவ்வாண்டு இல்லையெனில் வேறிடம் தேடும் வலிமை எஞ்சியிராது. அது எங்கோ ஒரு கரம்பில் வீழ்ந்து மாயும். அதனைக் கொன்றவர் எவர்?

வில்லெடுத்தவர் எவருமிலர். மனை வாங்கியவர் பறவையைப் பகைத்தவரல்லர். உழவர் தம் பிழைப்பைப் பார்த்தார். பொறியாளர் தமக்கிட்ட பணியை முடித்தார். ஒருவர்மீதும் கொலைப்பழி நில்லாது. ஆயினும் உயிர்கள் மடிந்தன. கொல்லாமையைக் கையால் கொல்லாமை என்று மட்டும் கொள்வோர்க்கு இங்கே விடையில்லை.

நம் ஆசிரியர்கள் ஹிம்சையை நால்வகையாகப் பகுத்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கற்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் தவிர்க்கவியலாது நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்கவேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். ஏர் முனையில் புழுக்கள் மாய்வது உத்தியோக ஹிம்சை. உழவை விட்டால் உலகுக்கு உணவில்லை; ஆதலின் அது பொறுத்துக்கொள்ளப்பட்டது. எனில், ஏரியை வற்றச் செய்வதும் அதே வகையைச் சார்ந்ததென்று நாம் ஆறுதல் கொள்ளலாமா?

கொள்ளலாகாது என்பதற்குப் பழைய நூல்களிலேயே சான்று உண்டு. சுவேதாம்பர மரபின் ஆகமங்களுள் ஒன்றாகிய உபாசகதசாங்கமும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இயற்றிய யோகசாத்திரமும் இல்லறத்தார் மேற்கொள்ளலாகாத பதினைந்து தொழில்களைக் கர்மாதானங்கள் என்று தொகுத்துக் கூறுகின்றன. நஞ்சு விற்றல், காட்டுக்கும் நிலத்துக்கும் தீயிடல் ஆகியவற்றோடு, ஏரி குளங்களை வற்றச் செய்தலும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. நாம் திகம்பர மரபினராயினும் இக்கருத்து நமக்கும் உடன்பாடானதே. ஏர்த்தொழிலை இல்லறத்தானுக்கு விட்டுக்கொடுத்தவர்களே நீர்நிலையை வற்றடிப்பதைத் தனியே எடுத்து விலக்கியிருக்கின்றனர். காரணம் வெளிப்படை. ஏரிலகப்படும் உயிர்கள் சில. வற்றிய ஏரியிலோ நீர்வாழ்வன அனைத்தும், அந்நீரை நம்பி வருவன அனைத்தும் ஒருங்கே அழியும். அப்பட்டியலில் உள்ள மற்ற இரண்டும் இன்று புதிய உருவில் நம் வயலில் நுழைந்துள்ளன. தாளடிக்கு வைக்கும் தீ ஒன்று. மற்றொன்று பூச்சிமருந்து. கார்போஃபியூரான் என்னும் குருணை மருந்தை விதையென்று கொத்தி மாண்ட பறவைகள் மிகப் பல. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் உணவுப் பயிர்களினின்று அதனை விலக்குவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

இவ்வளவு கூறியபின், உழவன் தன் வயிற்றைக் கட்டிக்கொண்டு பறவைக்கு இடமளிக்க வேண்டுமா என்னும் வினா எழும். இதற்கு நம் நாட்டு உழவர்களே ஒரு விடை அளித்துள்ளனர். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல், ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரி. அங்கே பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டளவில் லயனல் பிளேஸ் என்பவரிடமிருந்து உரிமைச்சீட்டுப் பெற்றனர் என்பர். 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அரசு வனத்துறைச் சட்டங்கள் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அவ்வூர் உழவர் தாமே காவலராயினர். அவ்வேரி 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவமுடைய ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அவ்வுழவர்க்கு ஊதியமும் உண்டு. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்நீர் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்து மடை வழியே வயலுக்குப் பாய்கிறது. ஆகவே அவர்கள் பறவைகளைக் காத்தது தந்நலத்துக்கன்றோ, அது தானமாகுமோ என ஐயுறுவாரும் உளர். ஐயம் தக்கதே. பயன் கருதிச் செய்வது முழுமையான தானமாகாது. ஆயினும் இருநூறு ஆண்டுகளாகப் பேரன்மார்க்குப் பாட்டன்மார் கற்பித்துவந்த ஒரு பழக்கம் வெறும் உரக்கணக்கினால் மட்டும் நிலைத்திருக்க முடியாது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. மகாவீரர் வீடுபேறெய்திய நாளாகத் தீபாவளியைப் போற்றும் நாம் அவ்வூராரிடம் கற்கவேண்டியது உண்டு. அவர்கள் விட்டுக்கொடுத்ததற்கு எவரும் விலை தரவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் பறவை உரம் தந்து கடன் தீர்க்காது. முளைவிட்ட நாற்றை மிதிக்கும் பறவையும் உண்டு. கதிரைக் கொத்தும் பறவையும் உண்டு. தொரப்பள்ளியைப் போன்ற ஓர் ஊரில் ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை உடைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகளின் திருமணக் கடன் ஒருபுறம் இருக்க, மனைத்தரகர் நாள்தோறும் வாயிலில் நிற்கிறார். அக்குடும்பத்தாரிடம் சென்று, பறவைக்காக நிலத்தை வைத்திருங்கள் என்று வெறுங்கையோடு அறம் பேசுவது நமக்கு எளிது. அச்சொல்லில் அறம் இல்லை. ஒருவர் செலவில் மற்றொருவர் புண்ணியம் தேடுவதைத் தானம் என்று எந்த நூலும் கூறவில்லை.

பிற இடங்களில் இதற்குச் சில வழிகள் கண்டுள்ளனர். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்துக் கொக்கரெ பெள்ளூரில் கூழைக்கடாக்களும் நாரைகளும் வீட்டுப் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அம்மரங்களின் புளியை உலுக்காது விட்டுவைக்கும் உடைமையாளர்க்கு வனத்துறை ஈட்டுத்தொகை வழங்கிவருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடுப்பள்ளத்தாக்கின் இயற்கையான ஈரநிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன. அங்கே நெல்வைக்கோலை எரிப்பதைக் குறைக்க 1991ஆம் ஆண்டில் சட்டம் வந்தபின், வைக்கோல் மட்குவதற்காகக் குளிர்காலத்தில் வயல்களில் நீர் நிறுத்தலாயினர். வாத்துகள் வந்திறங்கின, அவை கிளறி மிதித்ததால் வைக்கோலும் விரைந்து மட்கியது. 2014ஆம் ஆண்டு முதல் நேச்சர் கன்சர்வன்சி என்னும் அமைப்பு, பறவைகள் கடந்து செல்லும் சில வாரங்களுக்கு மட்டும் வயலில் நீர் தேக்கி வைக்கும் உழவர்க்கு வாடகை போலத் தொகை தருகிறது. நிலம் உழவருடையதாகவே உள்ளது, பயிர்த்தொழிலும் நிற்கவில்லை. உழவர் சில வாரங்களை விட்டுத்தருகிறார். ஊரார் செலவைப் பகிர்கின்றனர்.

மற்றொரு தடையையும் மறைக்காது கூறவேண்டும். நாரை மீனைத் தின்னும். நத்தைகுத்தி நத்தையைத் தின்னும். அவற்றுக்கு இடமளித்தால் அக்கொலைகளில் நமக்கும் பங்குண்டோ என நம் பெரியோர் சிலர் வினவக் கேட்டுள்ளோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினாலும் வினை ஒட்டும் என்பது நாம் கற்றது. ஏரியைக் காப்பவன் மீனைக் கொல்லவுமில்லை, கொல்வித்தானுமில்லை, அக்கொலையை விரும்பி உடன்பட்டானுமில்லை. மீனும் நாரையும் தத்தம் வினைவழியே வாழும் நீரை அழியாது விட்டான், அவ்வளவே. அந்நீரை அழித்தால் நாரையோடு மீனும் மாயும். இவ்விடை மனத்தை முழுவதும் அமைதிப்படுத்தாது என்பதை ஒப்புக்கொள்வோம். சம்சாரத்தில் ஹிம்சையற்ற மூலை ஏதுமில்லை என்பதை நினைவூட்டும் அவ்வமைதியின்மை நமக்கு நன்மையே செய்யும். செயலற்றிருப்பதற்கு அதனைச் சாக்காகக் கொள்வதே தவறு.

இராஜஸ்தானத்தில் பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் என்னும் சிற்றூரில், வடநாட்டு ஜைன அன்பர்கள் 1970கள் முதல் குளிர்காலக் கொக்குகளுக்கு நாள்தோறும் தானியம் இறைத்துவருவதைப் பலரும் அறிவர். ஆயிரக்கணக்கில் அவை அங்கு வந்திறங்குகின்றன. 2025ஆம் ஆண்டில் கீச்சனும் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அது போற்றத்தக்க ஆகாரதானம். ஆயினும் தானியத்தைத் தின்னாத உள்ளானுக்கும், புழு பூச்சியும் நீர்ப்பூண்டுமே உணவாகவுள்ள மற்றவற்றுக்கும் நாம் எதனை இறைக்க முடியும்? அவற்றுக்கு நாம் தரக்கூடியது இடம் ஒன்றே. ஆகாரதானம் மூட்டையை அவிழ்ப்பதால் நிறைவுறும். அபயதானமோ நம்முடையது என்று நாம் வைத்திருப்பதில் ஒரு பங்கைத் தொடாது விடுவதால் மட்டுமே நிறைவுறும்.

இங்கேதான் ஐந்தாம் அணுவிரதம் முதலாம் அணுவிரதத்துக்குத் துணையாகிறது. பொருளுக்கு வரையறை செய்துகொள்ளாதவன் கொல்லாமையையும் காக்க மாட்டான். ஒவ்வொரு சாண் நிலத்திலும் விளைச்சலோ விலையோ காணவேண்டும் என்னும் வேட்கையே ஏரிகளை விழுங்குகிறது. பறவையின்மீது எவருக்கும் பகையில்லை. அதற்கு எஞ்சுமாறு எவரும் வைப்பதில்லை. பொருள்வரைதலைப் பொன்னுக்கும் பணத்துக்கும் மட்டும் உரியதாகக் கொள்ளாமல் நிலத்துக்கும் நீருக்கும் விரித்துக்கொள்வோமாயின், கொல்லாமை தானே கைகூடும்.

செய்யக்கூடியவை அரியனவல்ல. நிலமுடையோர் அறுவடைக்குப்பின் பள்ளமான ஒரு துண்டில் மட்டும் சில வாரம் நீரைத் தேக்கி வைக்கலாம். தாளடியை எரிக்காமல் மடக்கி உழலாம். ஏரியோரத்து வயலில் குருணை மருந்தைத் தவிர்க்கலாம். நம் ஜினாலயங்களுக்கு நிலமும் குளமும் உள்ள ஊர்களில், அறங்காவலர்கள் முதலில் அவற்றில் இதனைத் தொடங்கினால் ஏழை உழவர்மீது சுமை விழாது. தூர் வாரும்போது கரையோரத்தில் ஆழங்குறைந்த பகுதியை விட்டுவைக்குமாறு ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். நகரத்தில் வாழ்வோர் மனை வாங்குமுன் பழைய ஊர் வரைபடத்தையும் நிலப்பதிவேட்டையும் பார்த்து, அது ஏரியின் நீர்பிடிப்பாயின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டா என்று திரும்பிவரலாம். நீரைத் தேக்கிவைக்கும் உழவரின் நெல்லை இரண்டு ரூபாய் கூடுதலாகத் தந்தும் வாங்கலாம். இதற்கு நாம் செலவழிக்கும் தொகை ஒரு விழாவின் பந்தற்செலவுக்கும் மிகாது.

தொரப்பள்ளியைக் கடந்த தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டித் திருக்கோவிலூர்ப் பக்கம் செல்கிறது. அங்கே ஜம்பை என்னும் ஊரின் குன்றில், 1981ஆம் ஆண்டில் ஒரு பழந்தமிழ்க் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, துறவியர் தங்குவதற்கு ஒரு பள்ளியை அளித்த செய்தி அதில் உள்ளது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியை ஆண்ட வேந்தன், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இளைப்பாற ஓர் இடம் தந்தான். பிற்காலத்தில் அதே ஜம்பையில் சமணப் பள்ளியைச் சார்ந்து, அஞ்சினான் புகலிடம் என்று பெயரிட்ட அடைக்கல இடமும் இருந்ததைச் சோழர்காலக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. அங்கே புகுந்தவரை எவரும் தொடர்ந்து சென்று துன்புறுத்துதல் கூடாது என்பதே அதன் கருத்து.

நம் முன்னோர் அபயத்தை ஓர் இடமாகவே கண்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவர்கள் எல்லைக்கல் நட்டு ஒரு துண்டு நிலத்தைத் தம் ஆசையினின்றும் விலக்கி வைத்தனர். அதே ஆற்றின் மேற்பகுதியில் இன்று நாமும் எல்லைக்கல் நடுகிறோம், மனைக்காக நடுகிறோம். அவற்றுள் ஒன்றையேனும் அஞ்சிவரும் சிறகுகளுக்காக நடுவோமாக. வரும் கார்த்திகை, மார்கழியில் நம் ஊர் ஏரிக்கரைக்குக் குழந்தைகளோடு ஒருமுறை சென்று, இறங்குவதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்து வருவோம். எஞ்சிய கடமை அங்கேயே விளங்கும்.